கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் தனியாகக் குடியிருந்தேன். மனைவியும் நானும் பிரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மற்ற நாட்களை ஆபீசில் ஓட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைதான் நகரவே நகராது.

அதற்காகத்தான் பட்டம் விட ஆரம்பித்தேன். மொட்டைமாடியில் பிள்ளைகள் விடும் காகிதப் பட்டம் இல்லை. பவர் கைட் என்பார்கள். ஆளையே இழுத்துப் போகும் பெரிய துணிப் பட்டம். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது, மணல்வெளியில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆள் உயரம் எம்பி, அலுங்காமல் இறங்கியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஆசை. பழைய பட்டம் ஒன்றை வாங்கி வந்து, பரணில் போட்டு வைத்திருந்தேன்.

ஊருக்கு மேற்கே வறண்டு கிடந்த கண்மாய்தான் என் மைதானம். ஆடிக் காற்று அங்கே ஆளைத் தள்ளும். பட்டத்தை ஓட்டப் பழகிவிட்டேன், எம்பத்தான் வரவில்லை. பக்கவாட்டில் நிற்கும் பட்டத்தைச் சட்டென்று தலைக்கு மேல் கொண்டுவந்து இழுத்தால் கால் தரையை விட்டு எழும்பும். ஆனால் புதிதாகப் பழகுகிறவரின் இடுப்பு பெல்ட்டைப் பின்னால் ஒரு நண்பர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள்.

எனக்கு அப்படி யாரும் இல்லை. ஆபீசில் கேட்டால் சிரிப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிறகு மகா புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். மாட்டுக் கயிறு ஒன்றை வாங்கி, ஒரு முனையை பெல்ட்டின் பின்னாலும் மறுமுனையைக் கருவேல மரத்திலும் கட்டினேன். மரம் சிரிக்காது அல்லவா.

காற்று வீசியது. எழும்பினேன். ஒரு நொடி நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி கயிறு விறைத்து, பெல்ட் விலாவுக்கு ஏறி இறுக்கியது. பட்டத்தின் வாரை பெல்ட்டின் முன்கொக்கியில் மாட்டியிருந்ததால் கையை விட்டும் பயனில்லை. முன்னால் பட்டம் இழுக்க, பின்னால் மரம் இழுக்க, நடுவில் கால் தரையில் பாவாமல் நான். கத்த மூச்சு வரவில்லை. வந்திருந்தாலும் யாரைக் கூப்பிடுவது? ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. வலியைவிட அதுதான் பயமாக இருந்தது.

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். மூன்று வாரமாகப் பார்த்தும் பேசாமல் நான் கடந்து போனவர். மரத்துக் கயிற்றை அறுத்திருந்தால் பட்டம் என்னை அக்கரைவரை இழுத்துப் போயிருக்கும். அவர் அதைத் தொடவில்லை. நேரே முன்னால் வந்து, கொக்கியில் இருந்த வாரை அரிவாளால் அறுத்தார். பட்டம் முள்ளில் போய் விழுந்தது, நான் மண்ணில் விழுந்தேன்.

எனக்கு மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மரத்தில் நான் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தார்.

"மிரண்டு நிக்கிற மாட்ட மரத்துல கட்ட மாட்டோம்ணே. ஆளுதான் கயித்தப் பிடிக்கணும். எப்ப விடணும்னு மரத்துக்குத் தெரியாதுல்ல?"

முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "கூட வர ஆளு இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் புல்லுக்கட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

"அடுத்த வாரமும் இங்கனதான் இருப்பேன். வாங்க, நான் பிடிக்கிறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு வாரைத் தைத்து எடுத்துக்கொண்டு, விலா வலியோடு போனேன். பெல்ட்டில் கட்டிய கயிற்றை அவர் கையில் சுற்றிக்கொள்ளாமல், தேவைப்பட்டால் விடுகிற மாதிரி பிடித்தார். எழும்பினேன். முழங்கால் உயரம்கூட இருக்காது. பத்திரமாகத் தரையில் நின்றேன்.

"இம்புட்டுக்காகவா அம்புட்டுப் பாடு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வருடம் நல்ல மழை. கண்மாய் நிறைந்துவிட்டது. அதன்பின் அவரைப் பார்க்கவில்லை, பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. இன்றும் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் யாராவது உதவட்டுமா என்று கேட்க, நான் "வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், ஒரு மனிதரிடம் வாய்விட்டுக் கேட்பதைவிட மரத்தில் கட்டிக்கொள்வதே எளிது என்று நினைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை என் விலாவில் இறுகுகிறது.