தலைத்துணிக்குள் மறைந்த இரத்தம்

அன்று சனிக்கிழமை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் அறையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கிய அம்மா, தலையைப் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்தார்.

“தண்ணிக் கான் கல்லுல வழுக்கிட்டேன்யா. ஒன்னுமில்ல, காப்பித்தூள் அப்பியிருக்கு.”

விழுந்தது காலை ஒன்பதரைக்கு. கொழுந்துச் சாக்கின் கயிறு தலையை அறுக்காதிருக்க வைக்கும் கறுப்புத் துணி, வழிந்ததையெல்லாம் குடித்துவிட்டது. வெளியே ஒரு சொட்டும் தெரியவில்லை. தெரியாததால் கங்காணிக்கு அது காயமே இல்லை.

“பாதிச் சாக்கோட யாரு அக்கா எறங்குவா? நெறச்சு, மடுவத்துல நிறுத்துட்டுப் போங்க” என்றாராம்.

அம்மாவும் உடைந்த தலையிலேயே கயிற்றை மாட்டிக்கொண்டு, கொழுந்து நிறுக்கும் அந்த மடுவம் திறக்கும்வரை கொழுந்து பறித்திருக்கிறார். எங்கள் மலையில் பாதிச் சாக்கோடு இறங்குவது வெட்கம். இந்த வெட்கத்தை எங்களுக்குப் பழக்கியவர்கள் யாரும் ஒருநாளாவது சாக்கு சுமந்தவர்கள் இல்லை.

சரி, நான் என்ன செய்தேன்? எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். முதலுதவிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவன். சுத்தமான துணியால் அழுத்திப் பிடி, காயத்தில் தூள் போடாதே, தலையில் அடி என்றால் தாமதிக்காதே என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன்.

“ரத்தம் நின்னுடுச்சில்ல, கொஞ்சம் தூங்குங்க” என்றேன்.

அந்தச் சான்றிதழுக்குக் கீழேதான் அம்மா படுத்தார்.

இரண்டு மணிக்கு வாந்தி. பேச்சு குழறியது. வலது கண்ணின் கருமணி மட்டும் பெரிதாகியிருந்தது. அம்புலன்சுக்குப் போன் செய்தேன். தோட்டத்துப் பாதை உடைந்திருக்கிறது, பெரிய ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். நானும் பக்கத்து அறை மாமாவும் அம்மாவைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, மடுவத்தில் நின்ற கொழுந்து லொறிக்கு ஓடினோம்.

“ஆபிஸ்ல அனுமதித் துண்டு வாங்கிட்டு வாங்க மாஸ்டர். ஆள் ஏத்துனா என் வேல போயிரும்” என்றார் சாரதி.

“கொழுந்து ஏத்தத் துண்டு வேணுமா?”

“கொழுந்து சூடேறிருமே மாஸ்டர். அத நிப்பாட்டி வைக்க முடியாது.”

மாமா லொறியில் ஏறி நான்கு சாக்குகளைக் கீழே உருட்டினார். சாரதி அவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“நான் ஒன்னும் பாக்கல” என்று சொல்லி லொறியைக் கிளப்பினார். துண்டு கேட்டதற்காக அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதிதான் தணிந்தது.

பெரிய ரோட்டில் அம்புலன்சுக்கு மாற்றினோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார், எத்தனை மணிக்கு விழுந்தார் என்று. சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. தாதி காப்பித்தூளைக் கழுவிக் கழுவி எடுத்துக்கொண்டிருந்தார். வெளிக்காயம் சின்னதுதான், மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. கண்டிக்கு அனுப்பி, அங்கே மண்டையைத் திறந்து எடுத்தார்கள்.

அம்மா பிழைத்தார். இடது கை மட்டும் சொன்னபடி கேட்பதில்லை.

வீடு திரும்பிய வாரமே, மைப்பெட்டியும் தோட்டத்து விபத்து அறிக்கையுமாகக் கங்காணி வந்தார்.

“பெருவெரல் மட்டும் போதும் மாஸ்டர். நீங்க எதுக்கு வாசிச்சுக்கிட்டு?”

வாசித்தேன். ‘கவனயீனமாக விழுந்தார். தன் விருப்பப்படி வேலையைத் தொடர்ந்தார். உடனடியாகத் தோட்ட லொறியில் அனுப்பப்பட்டார்.’

உடனடியாக! அந்தச் சொல்லை வெட்டினேன். விழுந்த நேரம், நிறுவை முடிந்த நேரம், லொறிக்குப் போன நேரம், துண்டு கேட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கட்டிலில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ தூங்கச் சொன்னது?”

பேனா நின்றது.

“அதயும் எழுதுயா.”

எழுதினேன். பிறகு அம்மாவின் இடது கையை நானே தூக்கி, பெருவிரலை மையில் தொட்டு, அந்த வரிக்கும் கீழே வைத்தேன்.