ஜூபல் மேஸ் இரண்டு நாள் எசமானாக இருந்தது

ஒஹையோ ஆற்றின் வடகரையில், படகுத்துறைக்குப் பக்கத்தில், ஜூபல் மேஸ் சவரக்கடை வைத்திருந்தார். பிறப்பிலேயே சுதந்திரமான கறுப்பர். அடிமைமுறை பற்றி ஒரு மனிதனுக்கு வேண்டிய கருத்துகள் அத்தனையும் அவருக்குக் கடை நாற்காலியிலிருந்தே கிடைத்தன. சட்டமன்ற உறுப்பினர் ஆர்வில் பெட்டிபோன் தம் பேச்சையெல்லாம் முகத்தில் சோப்பு நுரையோடு அங்கேதான் ஒத்திகை பார்ப்பார். மனிதனை மனிதன் சொத்தாக வைத்துக்கொள்ள எந்த அரசாங்கமும் அனுமதி தர முடியாது. தந்தால் அது சட்டமே இல்லை. சுதந்திரம் கடவுள் கொடுத்தது, அதற்குக் காவல் நிற்பதுதான் அரசாங்கத்தின் வேலை. ‘காவல்’ என்னும்போது தலையை வெட்டி ஆட்டுவார். ஜூபல் கத்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். ஒன்பது வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஜூபலின் மனைவி கெஸையா, அடிமைமுறை சட்டப்படி செல்லும் எதிர்க்கரை கென்டக்கியில் ஒரு விதவையின் அடிமை. ஞாயிறுதோறும் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு வியாழக்கிழமை அவளை விலை கொடுத்தே வாங்கிவிட்டார். திரும்பும் படகில் கிரயப் பத்திரத்தை வாசித்துக் காட்டினார்: நல்ல பற்கள் உள்ள கெஸையா என்ற பெண், இன்று முதல் ஜூபல் மேஸின் சொத்து.

“அப்போ இனிமே நீதான் எனக்கு எசமானா?” என்றாள் கெஸையா.

“காகிதத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

“அந்தக் கிழவிகிட்டயாவது ஞாயித்துக்கிழமை லீவு இருந்துச்சு.”

விடுதலைச் சீட்டு எழுத ஊர் எழுத்தர் ஒரு நிபந்தனை சொன்னார்: வீடுவாசல் உள்ள வெள்ளைக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை, சீட்டில்லாத கறுப்பரைப் பிடித்து அக்கரையில் விற்கும் ஆட்கள் இருவர் துறையில் வந்து இறங்கினார்கள். சனிக்கிழமை உச்சிப் பொழுதோடு எழுத்தர் கதவைச் சாத்திவிடுவார், அப்புறம் திங்கள்தான்.

ஜூபல் கவலைப்படவில்லை. சனி காலையில் பெட்டிபோன் சவரத்துக்கு வருவாரே. வந்தார். பாதி முகம் மழித்ததும் ஜூபல் விஷயத்தைச் சொன்னார். பெட்டிபோனின் கண்ணில் நிஜமாகவே நீர் வந்தது.

“கையெழுத்துப் போட மாட்டேன் ஜூபல். நீ விடுதலை பண்ணினேன்னு நான் சாட்சி சொன்னா, அதுவரைக்கும் அவ உன் சொத்தா இருந்ததை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவ பிறந்தப்பவே சுதந்திரமானவ.”

“பிடிக்க வந்திருக்கிற ஆளுங்களுக்கு அது தெரியாதுங்களே.”

“அது அவங்க தப்பு.”

இன்னொன்றும் சொன்னார். முந்தின நாள், ஜூபலும் உறுப்பினராக இருந்த அடிமை ஒழிப்புச் சங்கம் கூடியதாம். மனிதரைச் சொத்தாக வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது நாலாவது விதி. மிகுந்த வருத்தத்தோடு, ஒருமனதாக, ஜூபல் பெயரை அடித்துவிட்டார்கள். சொத்தை விட்டதும் மறுபடி சேரலாம். சொத்தை விடச் சீட்டு வேண்டும், சீட்டுக்குச் சாட்சி வேண்டும் என்பது எந்த விதியிலும் வரவில்லை.

கத்தி பெட்டிபோனின் தொண்டைக் குழியில் நின்றது. பெட்டிபோன் கவனிக்கவில்லை, அவர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த, வீடுவாசல் உள்ள வெள்ளைக்காரரான கறிக்கடை ராடமாக்கர் எழுந்தார். எப்போதும் பெட்டிபோனின் எதிர்க்கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர். அடிமை ஒழிப்பு என்பது வேலையில்லாதவர்களுக்கு வரும் வியாதி என்பது அவர் வாதம்.

“இந்தாளு பேசி முடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும். வா, கையெழுத்தை நான் போட்டுட்டு வந்துடலாம்.”

இது ஜூபலுக்கு முன்னதைவிடப் பெரிய அடி. அய்யாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே என்று தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

“இப்பவும் கிடையாது. ஆனா அவ உன் பொண்டாட்டி. அது எனக்குத் தெரியும்.”

பாதி முகத்து நுரையோடு பெட்டிபோனை அப்படியே விட்டுவிட்டு, கெஸையாவையும் அழைத்துக்கொண்டு போனார்கள்.

சொத்துக்காரர்தான் விடுதலை செய்ய முடியும் என்பதால், எழுத்தர் ஜூபலை வலக்கையைத் தூக்கி, ‘இவள் என் சொத்து’ என்று சத்தியம் செய்யச் சொன்னார். ஜூபலின் வாய் திறக்கவில்லை. ஒன்பது வருடப் பேச்சு முழுவதும் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொன்னால் பொய், சொன்னால் பாவம், சொன்னால் அந்தச் சட்டத்துக்குத் தலைவணங்கியதாகும். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கெஸையா ஜூபலின் காதருகே வந்தாள். “சொல்லித் தொலை. நீ நல்லவனா இருக்கறதுக்காக என்னை அவனுங்ககிட்டக் குடுத்துடாதே.”

“இவள் என் சொத்து” என்றார் ஜூபல். தடுமாற்றம் இல்லாமல், கணீரென்று வந்தது. அது அவ்வளவு சுலபமாக வரும் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

எழுத்தர் முத்திரை குத்தினார். கெஸையா சீட்டை வாங்கி மடித்து மாரில் செருகிக்கொண்டாள். கடை வந்து சேரும்வரை ஜூபலின் முகத்தை அவள் பார்க்கவில்லை.