பரிபூரணம் சொன்ன சாவுச் செய்தி

ராஜபாளையத்தில் அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், பரிபூரணத்தின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. மில்லுக்குப் போகும் இருளப்பசாமியின் வீட்டுக்காரி, மகாராஜபுரத்துக்காரி, பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடிக்கிறவள் என்றுதான் சொல்வார்கள். அவளும் அதிகம் பேச மாட்டாள். கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் யாராவது குறுக்கே பேசிவிடுவார்கள்.

செல்போன் கடை வைத்திருக்கும் கௌதம்ராஜ் தெருவுக்கென்று வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தது குழாய்த் தண்ணீருக்காக. என்றைக்குத் திறந்துவிடுவார்கள் என்று தெரியாமல் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் பரிபூரணம் தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் கேட்டு வந்து, எழுத வராததால் குரலில் பதிந்து போட்டாள். "நாளைக்கு விடியக்காலம் தண்ணி வருது. கொடம், அண்டா எல்லாத்தையும் கழுவி வச்சுக்கிடுங்க தாயிகளா." அவ்வளவுதான். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளுமாக வந்து விழுந்தன.

குரூப்பில் அவள் பேச்சுக்குக் குறுக்கே பேச ஆளில்லை. கணீரென்ற குரல். கரண்ட் கட், ரேஷனில் பருப்பு வந்தது, கோயில் கொடை, யார் வீட்டில் குழந்தை, எந்த வீட்டில் சாவு, துட்டி என்று எல்லாம் அவள் குரலில் வந்தது. திருப்பூரிலும் கேரளாவிலும் பிழைக்கப் போன தெருப் பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். நாலு வீடு தள்ளியிருந்த சங்கையாவின் மகன் மாரிசெல்வம் குவைத்தில் இருந்தான். "அத்தை, வெள்ளிக்கிழமை ரூம்ல படுத்துக்கிட்டு ஒங்க வாய்ஸ் கேட்டாத்தான் ஊர்ல இருக்க மாதிரி இருக்கு" என்று ஒருமுறை பதில் அனுப்பியிருந்தான். அதை அவள் கம்பெனியில் இருந்த எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள்.

பெயர் வந்ததோடு ஒரு பதற்றமும் வந்தது. மில் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற சௌந்தரபாண்டியன் ஒரு சாவுச் செய்தியை அவளுக்கு முன்னால் போட்டோவும் மெழுகுவத்தியுமாகப் போட்டுவிட்டார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருளப்பசாமி சிரித்தார். "செத்தது நம்ம சொந்தமா? எதுக்கு இம்புட்டு வருத்தம்?" வருத்தம் செத்தவருக்காக இல்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் சங்கையாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மில்லில் ஃபிட்டராக இருந்த மனிதர். மகள் முனீஸ்வரி மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கூடவே இருந்தாள். மனைவி மகாலட்சுமி மாற்றுத் துணி எடுத்துப்போக வீட்டுக்கு வந்திருந்தாள்.

காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் பரிபூரணம் வீட்டுக்குள் நுழைந்தபோது முனீஸ்வரியின் போன் வந்தது. ஒரே அழுகை. சிக்னல் விட்டுவிட்டு வந்தது.

"அத்தை... எல்லாம் முடிஞ்சிருச்சு அத்தை. அம்மா போன எடுக்க மாட்டுக்காங்க. நீங்க அம்மாட்ட சொல்லிருங்க..."

லைன் அறுந்துவிட்டது.

பரிபூரணத்துக்கு நிஜமாகவே அழுகை வந்தது. திரும்ப ஒரு போன் போட்டிருக்கலாம். நாலு வீடு நடந்திருக்கலாம். ஆனால் கை தானாகக் குரூப்பைத் திறந்தது. மேலே சின்ன எழுத்தில் சௌந்தரபாண்டியனின் பெயரும், அவர் ஏதோ டைப் செய்கிறார் என்பதும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மைக்கை அழுத்தினாள். "நம்ம தெரு சங்கையா அண்ணாச்சி நம்மள விட்டுப் போயிட்டாவ. யாருக்கும் ஒரு கெடுதல் நெனைக்காத மனுசன். மதுரையிலேருந்து கொண்டாந்துக்கிட்டு இருக்காவ. எல்லாரும் வாங்க தாயிகளா." கொண்டு வருகிறார்கள் என்று முனீஸ்வரி சொல்லவே இல்லை. செய்தி முழுசாக இருக்கட்டும் என்று அவளே சேர்த்தது.

சௌந்தரபாண்டியன் டைப் செய்துகொண்டிருந்தது மறுநாள் மின்தடை பற்றி. அது அவள் குரலுக்குக் கீழே வந்து விழுந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்புவதற்குள் தெருப் பெண்கள் முந்திவிட்டார்கள். மகாலட்சுமி பைக்குள் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். திபுதிபுவென்று உள்ளே வந்தவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவளுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு கையையும் ஓங்கிச் சுவரில் அடித்தாள். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறியது. ரத்தத்தைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்தது பரிபூரணம்தான். "மதினி, மதினி" என்று அவளும் சேர்ந்து அழுதாள். தெருவில் பந்தல்காரர் வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது.

சார்ஜில் கிடந்த மகாலட்சுமியின் போன் அப்போது அடித்தது. யாரோ ஒருத்தி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பரிபூரணம் அத்தை சொன்னாங்களா? அடைப்பு எல்லாம் எடுத்துட்டாங்க, நல்லபடியா முடிஞ்சிருச்சு. சந்தோசத்துல எனக்கு அழுகையே நிக்கல. அப்பா கண்ணு முழிச்சிட்டாங்க. இப்பவே இட்லி கேக்காங்கம்மா."

அழுகை அப்படியே நின்றது. மகாலட்சுமி போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். யாரும் பரிபூரணத்தைத் திட்டவில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். வாசல் தாண்டும்போது ஒவ்வொருத்தியும் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவை அழித்தாள். குரூப்பில் மட்டும்தான் அழிந்தது. அதற்குள் சொந்தக்காரர்கள் குரூப்புக்கும், மில் தொழிலாளர்கள் குரூப்புக்கும் போயிருந்தது. கடல் தாண்டியும் போயிருந்தது.

முனீஸ்வரி உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "அப்பா நல்லா இருக்காங்கடா, அது தப்பான செய்தி." மாரிசெல்வம் நம்பவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவனுக்குச் சாவை நேராகச் சொல்லும் வழக்கம் நம் பக்கம் கிடையாது. கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா என்பார்கள். வந்து இறங்கியவன் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். முகத்தைக் காட்டு என்று கேட்டான். ஐ.சி.யு.வுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று அக்கா சொன்னாள். அவனுக்கு உறுதியாகிவிட்டது. அக்கா பொய் சொல்வாள், பரிபூரணம் அத்தை சொல்ல மாட்டாள். அவசர விடுப்பு வாங்கி விமானம் ஏறிவிட்டான்.

மறுநாள் பரிபூரணம் வேலைக்குப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கச்சி வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று டவுன் பஸ் ஏறினாள். கண்டக்டரிடம் "சீவில்லிபுத்தூரு ஒண்ணு" என்றாள். முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் யாரென்றே பரிபூரணத்துக்குத் தெரியாது.

"ஏட்டி, இந்தக் குரலு எங்கயோ கேட்ட மாதிரி இல்ல?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுவிட்டுப் போனைத் தடவினாள். "நம்ம தெரு சங்கையா அண்ணாச்சி..." என்று பஸ்ஸுக்குள் பரிபூரணத்தின் குரல் எழுந்தது.

பரிபூரணம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கையை மட்டும் காட்டி ராஜபாளையம் திரும்பினாள்.

தெருமுனையில் அவள் நுழையவும் ஒரு டாக்ஸி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இறங்கியவன் மாரிசெல்வம். கையில் ஒரு சின்னப் பை மட்டும். கண் வீங்கியிருந்தது.

"அத்தை, அப்பாவ எடுத்துட்டாங்களா? நான் முகத்தப் பாக்க முடியுமா?"

"அப்பா உசுரோட இருக்காவ மாரி" என்றாள் மெதுவாக.

"நீங்களும் அவுக கூடச் சேந்துட்டீங்களா அத்தை?" என்றான். கோபம்கூட இல்லை அவன் குரலில். "எனக்குத் தெரியும், சொல்லுங்க."

"இல்ல ராசா. நாந்தான் தப்பாச் சொன்னேன். முனீசு சொன்னத முழுசாக் கேக்கல. எனக்கு முன்னால சௌந்தரபாண்டியன் போட்டுருவாரோன்னு... போட்டுட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். தெருவைப் பார்த்தான். பந்தல் இல்லை, சங்குச் சத்தம் இல்லை. அப்படியே டாக்ஸிக் கதவைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. எழுந்ததும் சொன்னான்: "நீங்களும் வாங்க. கண்ணால பாக்குற வரைக்கும் எனக்கு நம்பிக்கை வராது."

மகாலட்சுமி முந்தின நாள் சாயங்காலமே மதுரை போயிருந்தாள். அதே டாக்ஸியில் ரெண்டு பேரும் மதுரைக்குப் போனார்கள். சங்கையாவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மகனைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"ஏலே, நீ எப்படிலே வந்தே?"

அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். பரிபூரணமே சொன்னாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னாள்.

சங்கையா மெல்லத் தலையணையில் சாய்ந்துகொண்டார். பிறகு, "அதப் போடு, கேப்போம்" என்றார். மாரிசெல்வத்தின் போனில் அது இருந்தது. தன் சாவை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கெடுதல் நெனைக்காத மனுசனா? மில்லுல எங்கூட வேல பாத்தவன் எவனும் ஒத்துக்கிட மாட்டான் தாயி" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் பரிபூரணத்தால் தாங்க முடியவில்லை. மகாலட்சுமி சிரிக்கவில்லை. மணிக்கட்டில் சுற்றியிருந்த கட்டோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவள், "அந்தப் பேச்ச அணைலே" என்று மட்டும் சொன்னாள்.

சங்கையா தேறி வீட்டுக்கு வந்தார். மாரிசெல்வம் விடுப்பு முடிந்து திரும்பிப் போனான். தெருவில் ஒரு புதுப் பேச்சு பிறந்திருந்தது. யாராவது நம்ப முடியாததைச் சொன்னால், "பரிபூரணம் விடாதலே" என்று விடலைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். அவளை நேரில் பார்த்திராதவர்களும் சொன்னார்கள். துட்டிச் செய்தி எதுவும் குரூப்பில் வந்தால் யாரும் இரங்கல் போடுவதில்லை. வீட்டுப் பக்கம் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துதான் போட்டார்கள். கௌதம்ராஜ் ரெண்டு தடவை கேட்டான், "அத்தை, தண்ணி நியூஸ் மட்டுமாவது சொல்லுங்க." அவள் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு மகாலட்சுமி வீட்டுக்குப் போனாள். மகாலட்சுமி நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். கட்டு அவிழ்த்த இடத்தில் தழும்பு இருந்தது.

"மதினி, என்னய மன்னிச்சிருங்க."

"ஒன்னய ஏசி என்ன ஆகப்போவுது" என்றாள் மகாலட்சுமி. குரலை உயர்த்தவில்லை. "ஆயிரம் பேருக்குச் சொன்னியே. எனக்கு நீ சொல்லல பாத்தியா. நாலு வீடு தள்ளித்தானட்டி இருந்தேன். ஒரு எட்டு வந்து, மதினி, ஒம்மக இப்படிச் சொன்னான்னு சொல்லியிருந்தா, நான் திரும்ப ஒரு போன் போட்டிருப்பேன்ல?"

உள்ளே சங்கையா மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டார். "இந்தா வாரேன்" என்று மகாலட்சுமி உள்ளே போனாள். கதவைச் சாத்தவும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. செத்த நேரம் நின்று பார்த்துவிட்டுப் பரிபூரணம் வீட்டுக்கு நடந்தாள்.

"என்ன சொன்னாவ?" என்று கேட்டார் இருளப்பசாமி.

"உள்ள கூப்பிடல" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.