மூடியம்மாவும் தொங்கிய பையும்

குழந்தைகள் வார்டில் உதவியாளராக இருந்தவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் மூடியம்மா. பால் பாட்டிலோ, தண்ணீர்க் குடமோ, பிணமோ, எதுவும் திறந்து கிடக்கக் கூடாது அவளுக்கு. கணவன் போனபோதும் முதலில் போர்வையை இழுத்து முகத்தை மூடினாள், அழுததெல்லாம் பிறகுதான். "அந்தம்மா கைக்கு எட்டினா வானத்துக்கே ஒரு தட்டு போட்டு மூடிடும்" என்று நர்ஸ் கேலி பேசுவாள்.

அப்படிப்பட்டவளின் பொறுப்பில் வந்தது அந்த ஆண் குழந்தை. தொப்புளுக்குப் பக்கத்தில் ஓட்டை, குடல் வெளியே. டாக்டர் அதைக் கண்ணாடி போன்ற பைக்குள் விட்டு, வயிற்றுக்கு நேர் மேலே நாடாவால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தினமும் கொஞ்சம் உள்ளே இறக்கி, கடைசியில் வயிற்றைத் தைக்க வேண்டும். அதுவரை குடல் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்துவிட்டால் குழந்தை நமக்கில்லை.

பை சும்மா இருக்கவில்லை. குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் உள்ளே ஒரு சுருள் இறுகும், தளரும். அந்த நெளிவு அடுத்த சுருளுக்கு நகரும். இன்னும் குடிக்காத பாலைக் குடல் தள்ளிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. மூடியம்மா நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சிஸ்டர், இது யார் சொல்லி அசையுது?"

"யாரும் சொல்ல வேணாம். குடலுக்குன்னு தனியா நரம்பு இருக்கு, அது பாட்டுக்கு அசையும். கருவுல குடல் முதல்ல நேரான குழாய்தான். அது வளர்ற வேகத்துக்கு வயித்துல இடம் பத்தாது. தொப்புள்கொடிக்குள்ள போய், ஒரு சுத்து சுத்தித் திரும்பி வரும்."

"என்னோடதுமா வெளிய போச்சு?"

"எல்லாருக்கும்தான். சொல்லாமக் கொள்ளாமப் போய், வந்தும் சேர்ந்துடும். இவனுக்கு வயித்துச் சுவரே ஒரு இடத்துல சரியா அமையல."

மூடியம்மா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குழந்தையின் தாய் வாசலோடு நின்றுவிடுவாள். "என்னால முடியலக்கா. அது என்னையே பாக்குற மாதிரி இருக்கு."

மூடியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், ஒரு துணியை மடித்துப் பையின் மேல் போட்டாள். "இப்ப வாடி. உன் பிள்ளை மூஞ்சி மட்டும்தான் தெரியும்."

தாய் வந்தாள். முதல்முறையாகக் கன்னத்தைத் தொட்டாள். தொட்டதும் கையை எடுக்க மனமில்லை. மூடியம்மாவும் துணியை எடுக்க மறந்து நின்றாள்.

"அக்கா, இவன் முகம் ஏன் வெளுத்திருக்கு?"

மூடியம்மா துணியை உருவினாள். அதன் கனத்தில் பை ஒருபக்கம் சாய்ந்து, அடியில் மடங்கியிருந்தது. உள்ளே கத்தரிக்காய் நிறம். அசைவே இல்லை.

"சிஸ்டர்!"

நர்ஸ் ஓடிவந்து பையை நிமிர்த்திக் கட்டினாள். டாக்டரும் வந்து சேர்ந்தார். துணியைப் பார்த்தார்.

"மூடி வைக்க இது என்ன குழம்புச் சட்டியா? நிறத்தைப் பாத்துக்கிட்டே இருக்கத்தானே இப்படித் தொங்கவிட்டிருக்கேன்!"

அத்தனை பேரும் பையையே பார்த்தார்கள். அது செத்த பொருளைப் போலத் தொங்கியது. பிறகு, அந்தக் கத்தரிக்காய் நிறத்துக்கு நடுவே எங்கோ ஓர் இடம் லேசாக வெளிறி, ரோஜா நிறமானது.

"அங்க... அசையுது" என்றாள் தாய். ஓடிப்போயிருப்பாள் என்றுதான் மூடியம்மா நினைத்திருந்தாள். அவளோ பைக்கு மிக அருகில் குனிந்திருந்தாள்.

அதன் பிறகு நிறம் பார்க்கிற வேலையைத் தாயே எடுத்துக்கொண்டாள். குடல் முழுவதும் இறங்கி, வயிற்றைத் தைத்தும் ஆயிற்று. ஒருநாள் பிள்ளை இடுப்புத் துணியிலேயே வெளிக்குப் போனான். பச்சையும் மஞ்சளுமாகக் கறை. குடலின் வழி திறந்துவிட்டது. வார்டே சிரித்தது, தாயைத் தவிர.

"இப்பதான்க்கா பயமா இருக்கு. உள்ள என்ன பண்ணுதுன்னு தெரியலையே."

மூடியம்மா தையல் படாமல் வயிற்றில் காதை வைத்தாள். உள்ளே யாரோ பாத்திரம் மாற்றி ஊற்றுவதுபோல ஒரு களகளப்பு. "நீயே கேளு" என்று நகர்ந்தாள்.

தாய் காதை வைத்தவள் எழவில்லை. மூடியம்மாவின் கை பழக்கதோஷத்தில் போர்வைக்குப் போனது, பாதியில் நின்றது.

"மூடட்டுமாடி?"

"கொஞ்சம் இருங்கக்கா."



மூடியம்மா போர்வையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.