கண்மாய்க்கு எத்தனை மடை

ஆவூரில் எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சர் ஒரு தினுசான மனுஷி. கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் மற்ற வகுப்புகளில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார்கள். இவரோ, "தெரியாதுங்க டீச்சர்" என்று சொல்பவர்களை, போய்ப் பார்த்தோ யாரையாவது கேட்டோ பதிலோடு வரச்சொல்லி வெளியே அனுப்பிவிடுவார். கொல்லர் பட்டறை, சந்தை, களத்துமேடு என்று நான் சுற்றாத இடமில்லை. தெரிந்ததைக்கூடத் தெரியாது என்று சாதித்துவிட்டு ஓடுவேன். படிப்பு என்றால் இதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது.

பிற்பாடு கொடும்பாளூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் நானே டீச்சரானபோது எனக்கு வேறு மாதிரி நடத்த வரவில்லை. தலைமை ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரம் என்று தினமும் நினைவூட்டினார். எனக்கும் அந்த வேலை வேண்டும். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் பங்குனி வெயிலில் வந்து சேர்ந்தார். என் வகுப்பைப் பார்த்து, ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை என்று சுலபமாகத்தான் கேட்டார். தினமும் அதில் குளிக்கிற பிள்ளைகள். மொத்த வகுப்பும் எழுந்து, "தெரியாதுங்க ஐயா" என்று சந்தோஷமாகக் கத்தியது. கத்திய கையோடு வாசலைத் தாண்டி ஒரே ஓட்டம்.

காலி வகுப்பில் நானும் இன்ஸ்பெக்டரும் முகம் வெளிறிய தலைமை ஆசிரியரும் நின்றோம். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பயத்திலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் பின்னாலேயே போனார். திரும்பியபோது அவர் கால் முழுக்கச் சேறு. மூன்றாவது மடை ஏன் தூர்ந்து கிடக்கிறது என்று ஒருத்தி அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தாள்.

காலைக் கழுவியபடி, நான் யாரிடம் படித்தேன் என்று கேட்டார். டீச்சரையும் ஊரையும் சொன்னேன். கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தம்மா வகுப்புக்கும் போயிருக்கேம்மா. அங்கயும் பிள்ளைங்க இப்படித்தான் ஓடுச்சுங்க. ஒழுங்கில்லாத வகுப்புன்னு எழுதிட்டு வந்துட்டேன். பின்னால போயிப் பார்க்கணும்னு அன்னைக்குத் தோணலை."

டீச்சருக்காக எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவரே தலைகுனிந்து நின்றார். என்னைப் பற்றி நல்லபடியாக எழுதினார். டீச்சர் வகுப்பிலிருந்து அன்று ஓடியவர்களில் நானும் இருந்திருப்பேன் என்று அவரிடம் சொன்னேன். வேலை நிரந்தரமானதைவிட அதைச் சொன்னதில்தான் எனக்குப் பெருமை.