மறைத்து வைத்த ஃபோல்டர்

இன்று வாங்கிய லேப்டாப் பையின் தோல் வாடை, ஆம்பூர் பஜார் மாடியில் இருந்த பிரௌசிங் சென்டருக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. இப்போது அங்கே துணிக்கடை.

ஷூ கம்பெனி வேலை முடிந்ததும் தோல், பசை நெடி போகாத கைகளோடு என் அக்கா அங்கே வருவாள். தபால் வழிக் கம்ப்யூட்டர் படிப்புக்கான புராஜெக்டை மாதக்கணக்கில், கடகடவென்று சுற்றும் ஃபேனுக்கடியில் அடித்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நான், ஏழாம் வகுப்பு.

ஒரு நாள், முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டாம் என்று சென்டர்காரரிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் அவளுடைய ஃபோல்டரைக் காணோம்.

"வைரஸ் துன்னுடுச்சி. பொம்பள புள்ளைங்களுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு?" என்றார்.

அக்கா கெஞ்சவில்லை. கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தாள். மறைத்து வைத்தவையும் சேர்ந்து ஃபோல்டர்களின் பெயர்கள் மளமளவென்று இறங்கின. நடுவில் அவள் பெயர்.

"அழியலைங்க. நீங்க ஒளிச்சி வச்சிருக்கீங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. இன்னொரு வரியில் ஃபோல்டரை வெளியே கொண்டுவந்து பென்டிரைவில் ஏற்றினாள். "நாளைக்கும் வருவேன்."

வந்தாள். கம்பெனியிலிருந்து இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு.