நீக்குவதற்காகவே நிறுவினேன்

எங்கள் திருச்சபைக் கோயிலின் அசன விருந்துக்கான அழைப்பிதழை நானே தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். இன்று மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

தமிழ் எழுத்துச் செயலியோ பாதி நிறுவியதோடு நின்றுவிட்டது. எந்த எழுத்தைத் தட்டினாலும் கட்டம் கட்டமாக விழுந்தது.

கொழுந்தன் ஜெபராஜ் வந்து பார்த்தார்.

"மைனி, அதைத் தூக்கிக் குப்பையில போட்டாச்சு. இனி தொல்லை இல்லை."

அவர் தூக்கிப் போட்டது திரையில் இருந்த செயலியின் சின்னத்தை மட்டும். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, குடியிருப்பவரைக் காலி செய்துவிட்டேன் என்பதைப் போல.

முறைப்படி நீக்கப் போனேன். முழுமையாக நிறுவப்படாததை நீக்க முடியாது என்றது கணினி.

"கல்யாணம் முடிச்சாத்தானே மைனி விவாகரத்து" என்று சிரித்தார் ஜெபராஜ்.

நீக்குவதற்காகவே முழுதாக நிறுவினேன். உடனே எழுத்துகள் முத்து முத்தாக விழுந்தன. அழைப்பிதழும் நேரத்துக்குப் போய்விட்டது.

"பொறவென்ன, இருந்துட்டுப் போகட்டும்லா?" என்றார் ஜெபராஜ்.

வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகே ஒழுங்காக வேலை செய்பவர்களை நான் வைத்துக்கொள்வதில்லை. நீக்கிவிட்டேன்.

சற்றுமுன் அச்சகத்திலிருந்து அழைத்தார்கள். "குருவானவர் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுதாவ. அடிச்சு அனுப்புங்கம்மா."

நல்ல தமிழ்ச் செயலி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். ஜெபராஜுக்குத் தெரிய வேண்டாம்.